இடைத்தேர்தலும் நாட்கணக்கும்



பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியப் பொறுப்பில் இருந்த ஒரு பள்ளியில், ஜூன் மாதத்தில் வாக்கெடுத்து மாணவர் தலைவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தோம். விடுதிப் பிள்ளைகளின் குறைகளைக் கேட்டு, வாரந்தோறும் என்னிடம் வந்து சொல்வது அவன் வேலைகளுள் ஒன்று. நல்ல பையன், சொல்ல வேண்டியதை அஞ்சாமற் சொல்லுவான். பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தந்தைக்கு வெளியூர் மாற்றல். மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு குடும்பமே புறப்பட்டுவிட்டது. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. இடையில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ மூன்று மாதங்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் இக்கேள்வி எழுந்தது. "மூன்று மாதத்திற்கு ஒரு தலைவனா? பிள்ளைகள் படிப்பைவிட்டு வாக்குக் கேட்டுத் திரிவார்கள். வரும் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஒருவர். "மூன்று மாதம் என்றாலும் பிள்ளைகளுக்காகப் பேச ஒருவன் வேண்டாமா?" என்றார் தமிழாசிரியர். நான் முன்னவர் பக்கம் சாய்ந்தேன். தேர்தல் நடத்தவில்லை. அதனால் விளைந்தது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். எங்கள் சிறு பள்ளியில் எழுந்த அதே வழக்கு, நாட்டின் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் அடிக்கடி எழுகின்றது என்பதும், அதனைத் தீர்க்க ஒரு சட்டப் பிரிவே எழுதப்பட்டுள்ளது என்பதும் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அடிப்படையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் ஆயுட்காலம், அரசியலமைப்பின் 172-ஆம் பிரிவின்படி, அதன் முதற் கூட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு. தேர்தல் நடந்த நாளிலிருந்தன்று, கூடிய நாளிலிருந்து. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கணக்குப் போடுகையில் உதவும். அந்த ஐந்தாண்டுக்குள் உறுப்பினர் ஒருவர் இறக்கலாம், பதவி விலகலாம், தகுதியிழக்கலாம். அப்போது அந்த இடத்தை நிரப்ப நடப்பதே இடைத்தேர்தல். அதில் வென்று வருபவருக்குப் புதிதாக ஐந்தாண்டு கிடைப்பதில்லை. முன்னவர் விட்டுச்சென்ற மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், காலியான இடத்தை நிரப்புமாறு தேர்தல் ஆணையத்திற்குக் கட்டளையிட்டிருந்தது. எந்த நாளுக்குள் என்ற கெடுவை மட்டும் அது விதிக்கவில்லை. ஆகவே சில இடங்கள் விரைவில் நிரம்பின. சில இடங்கள் காத்துக் கிடந்தன. காமராசர் 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். சட்டமன்ற உறுப்பினராகாத ஒருவர் ஆறு மாதங்களுக்கு மேல் அமைச்சராக நீடிக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவு. ஆகலின் அவர் அவ்வாண்டே குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். குடியாத்தம் என்னும் இப்பெயரை மறவாதீர்கள். 2020-ஆம் ஆண்டில் மீண்டும் அவ்வூருக்கு வருவோம். அதே காமராசர் பிற்காலத்தில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தலில் நின்றார். அத்தொகுதியின் உறுப்பினராயிருந்த நேசமணி மறைந்தது 1968 ஜூனில். இடைத்தேர்தல் நடந்தது 1969 ஜனவரியில். ஏழு மாதங்கள். அன்றைய சட்டப்படி அதில் பிழையில்லை.

கெடு இல்லையேல் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று நம் கடலுக்கு அப்பால், இலங்கையில் கிடைக்கின்றது. காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர் செல்வநாயகம், 1972-இல் அந்நாடு இயற்றிக்கொண்ட புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிறுவ விரும்பி, அவ்வாண்டு அக்டோபரில் பதவி விலகினார். இடைத்தேர்தல் நடத்துங்கள், மக்கள் தீர்ப்பைக் காண்போம் என்பது அவர் விடுத்த அறைகூவல். அரசாங்கம் தேர்தலை நடத்தவில்லை. ஒத்திவைத்துக்கொண்டே போயிற்று. வாக்கெடுப்பு நடந்த நாள் 1975 பிப்ரவரி 6. இரண்டாண்டு நான்கு மாதம் அத்தொகுதி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆளில்லை. தேர்தல் நடந்தபோது செல்வநாயகம் பெருவாரியான வாக்குகளால் வென்றார். ஆளும் தரப்புக்கு எந்தத் தீர்ப்பு கசக்குமோ, அத்தீர்ப்பைக் கேளாதிருக்க நாட்களைக் கடத்தினால் போதும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பின்னர் 1978-இல் வந்த அரசியலமைப்பு, காலியிடத்தைக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்பும் முறையை அங்குக் கொண்டுவந்தது. இடைத்தேர்தல் என்ற பேச்சே நாளடைவில் அங்கு ஒழிந்தது.

நம் நாட்டில் 1990-இல் தினேஷ் கோஸ்வாமி தலைமையிலான குழு, தேர்தல் முறைச் சீர்திருத்தங்களைப் பற்றித் தந்த அறிக்கையில், காலியிடங்களை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாக அது 151-அ என்னும் பிரிவாக, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பிரிவு சிறியது. அதன் கருத்தை என் சொற்களில் தருகிறேன். இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். ஆனால் இரண்டு நிலைகளில் இப்பிரிவு பொருந்தாது. அந்தக் காலியிடத்தைப் பொறுத்தவரை உறுப்பினருடைய பதவிக்காலத்தின் மிச்சம் ஓராண்டுக்குக் குறைவாக இருப்பது ஒன்று. அக்கெடுவுக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று, மத்திய அரசைக் கலந்துகொண்டு, தேர்தல் ஆணையம் சான்றுரைப்பது மற்றொன்று.

ஓராண்டு என்ற இந்த வரம்பு ஏன் வந்தது? தாமிரவருணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வயல் வரப்பே போதும். பிசானப் பயிர் கதிர் முற்றி, அறுவடைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நீர்பாய்ச்சி ஒருவர் இறந்துபோனால், ஊர் கூடிப் புதியவரை அமர்த்துவதில்லை; உள்ளவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாற்று நட்ட மறுவாரம் இறந்தால் அப்படி விட முடியுமா? பயிர் காய்ந்துவிடும். இடையில் எங்கோ ஒரு நாளில் கோடு கிழிக்க வேண்டும். நம் நாடாளுமன்றம் அக்கோட்டை ஓராண்டில் கிழித்தது. கனடா நாட்டுச் சட்டம், பொதுத்தேர்தலுக்கு ஒன்பது மாதங்களுக்குள் காலியாகும் இடத்திற்கு இடைத்தேர்தல் வேண்டியதில்லை என்கிறது. என்னைக் கேட்டால் ஓராண்டு சற்று மிகுதி என்பேன். கார் ஒன்று, பிசானம் ஒன்று, இருபோகமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கல்வியாண்டு முழுதும் அடங்கிவிடுகின்றது.

இனிக் கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாவது மக்களவையின் காலம் 2019 ஜூன் 3-ஆம் நாளோடு முடிவதாக இருந்தது. கருநாடகத்தில் பெல்லாரி, சிமோகா, மண்டியா என்னும் மூன்று மக்களவை இடங்கள் 2018 மே 18, 21 ஆகிய நாட்களில் காலியாயின. ஆந்திரத்தில் ஐந்து இடங்கள், உறுப்பினர் பதவி விலகலால், 2018 ஜூன் 20-இல் காலியாயின. கருநாடகத்து இடங்களுக்கு ஓராண்டும் சில நாட்களும் மிச்சம். ஆந்திரத்து இடங்களுக்கு ஓராண்டில் பதினேழு நாள் குறைவு. கருநாடகத்தில் 2018 நவம்பர் 3-இல் இடைத்தேர்தல் நடந்தது. ஆந்திரத்தில் நடக்கவில்லை. தேர்தல் ஆணையம் அவ்வாண்டு அக்டோபரில் தந்த விளக்கம் இந்த நாட்கணக்கே. ஒரு மாத வேறுபாட்டில், ஒரு பக்கத்து மக்களுக்கு வாக்குரிமை. மறுபக்கத்து மக்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு மௌனம். ஆந்திர உறுப்பினர்கள் விலகல் கடிதம் கொடுத்தது ஏப்ரல் மாதத்தில் என்பதையும், அது ஏற்கப்பட்டது ஜூனில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடிதம் கொடுத்த நாளில் மிச்சம் ஓராண்டுக்கு மேல். ஏற்ற நாளில் ஓராண்டுக்குக் கீழ்.

இப்போது குடியாத்தத்திற்கு வருவோம். 2016 மே 25-இல் கூடிய தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் காலம் 2021 மே 24-இல் முடிய வேண்டும். 2020 பிப்ரவரி 27-இல் திருவொற்றியூர் உறுப்பினரும், மறுநாள் குடியாத்தம் உறுப்பினரும் மறைந்தனர். மிச்சம் ஓராண்டு மூன்று மாதத்திற்குச் சற்றுக் குறைவு. ஆகவே முதல் விதிவிலக்கு பொருந்தாது. ஜூன் 10-இல் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி உறுப்பினர் கொரோனா நோயால் மறைந்தார். மிச்சம் பதினொன்றரை மாதம். முதல் விதிவிலக்கு பொருந்தும். மூன்று தொகுதிகளிலும் இடைத்தேர்தல் நடக்கவில்லை. சேப்பாக்கத்திற்குக் காரணம் காலண்டர்; ஏனைய இரண்டுக்கும் காரணம் பெருந்தொற்று. தொற்றுக் காலத்தில் மக்களை வரிசையில் நிறுத்துவது தகாது என்பதை யார் மறுப்பார்? எனினும் அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் பீகார் மாநிலம் முழுதும் பொதுத்தேர்தல் நடந்தது. அதனையொட்டி நாட்டின் வேறு பல தொகுதிகளில் இடைத்தேர்தலும் நடந்தது. தமிழ்நாட்டின் இரண்டும், கேரளம், அசாம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் ஐந்தும் விட்டுவிடப்பட்டன. இந்நான்கு மாநிலங்களிலும் அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வரவிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒருகாலத்தில் ஒரு முதலமைச்சரையே தேர்ந்தெடுத்து அனுப்பிய குடியாத்தம், ஏறத்தாழ பதினான்கு மாதம் உறுப்பினரின்றி இருந்தது.

நம் வட்டாரத்தின் கதையை இன்னும் சொல்லவில்லை. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பவை ஒட்டப்பிடாரமும் விளாத்திகுளமும். ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரனார் பிறந்த ஊர். பாரதியார் பிறந்த எட்டயபுரம் விளாத்திகுளம் தொகுதியில் உள்ளது. நாட்டுக்கு வாய் திறந்து பேசக் கற்றுக்கொடுத்த இருவர் ஊர்களும் 2017 செப்டம்பர் 18-இல் பேச்சிழந்தன. அன்று சட்டப் பேரவைத் தலைவர் பதினெட்டு உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அவர்களுள் இவ்விரு தொகுதி உறுப்பினர்களும் அடங்குவர். அவர்கள் உயர்நீதிமன்றம் சென்றனர். வழக்கு முடியும்வரை இடைத்தேர்தல் அறிவிக்க வேண்டாம் என்று நீதிமன்றம் தடுத்து வைத்தது. அதுவும் நியாயமே, தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தால் ஒரு நாற்காலிக்கு இருவர் வந்து நிற்பார்களன்றோ? 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புரைத்தனர். மூன்றாம் நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதன் பின்னும் 2019 ஏப்ரல் 18 வரை விளாத்திகுளம் காத்திருந்தது. ஒட்டப்பிடாரத்தின் 2016 வெற்றியை எதிர்த்து வேறொரு தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்தமையால், அங்கு வாக்கெடுப்பு மே 19-க்குத் தள்ளிப்போயிற்று. வாக்குகள் எண்ணப்பட்ட நாள் மே 23. இருபது மாதங்கள்.

அந்த இருபது மாதங்களுக்குள் 2018 மே மாதம் அடங்கும். தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த மாதம் அது. மாவட்டம் முழுதும் கொதித்திருந்தது. அம்மாவட்டத்திற்குச் சட்டமன்றத்தில் ஆறு இடங்கள்; அவற்றுள் இரண்டு அன்று காலி. யார் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கட்சியின் பக்கமும் நின்று பேசுவது இம்மேடைக்குப் பொருந்தாது. ஆனால் மக்கள் பேச வேண்டிய காலத்தில், அவர்கள் பேசுவதற்கென்று அமைந்த ஆறு வாய்களுள் இரண்டு அடைபட்டிருந்தன என்பது வரலாறு.

இதற்கு மாறாக, சட்டம் எழுதியபடி நடந்த ஓர் இடைத்தேர்தலை நான் அருகிருந்து பார்த்ததுண்டு. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாங்குநேரி. அதன் உறுப்பினர் வசந்தகுமார் 2019 மே மாதம் கன்னியாகுமரியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால் சட்டமன்றப் பதவியை விட்டார். அக்டோபர் 21-இல் இடைத்தேர்தல் நடந்தது. ஐந்து மாதத்திற்குள். ஆசிரியர்களை வாக்குச்சாவடிப் பணிக்கு அழைப்பது வழக்கம். அன்று ஒரு கிராமத்துச் சாவடியில் நான் தலைமை அலுவலனாக இருந்தேன். விரலில் மையிடும் முன் ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, "எய்யா, மூணு வருசத்துக்கு முன்னால போட்ட ஓட்டு என்னாச்சு?" என்றார். அவருக்குப் பின்னே வரிசை நீண்டிருந்தது. சாவடிக்குள் விரிவுரை ஆற்றவும் கூடாது. "அவர் டெல்லிக்குப் போயிட்டார் ஆச்சி, இது மிச்ச நாளுக்கு" என்றேன். "மிச்ச நாளுக்கும் ஆள் வேணும்லா" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தை நோக்கி நடந்தார். நான் பின்னர்ப் படித்த நீதிமன்றத் தீர்ப்புச் செய்திகளில் இத்துணைச் சுருக்கமாக எவரும் சொல்லக் காணவில்லை.

அதே வசந்தகுமார் 2020 ஆகஸ்டு 28-இல் கொரோனாவால் காலமானார். அப்போதைய மக்களவைக்கு மூன்றரை ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்தது. கன்னியாகுமரியில் வாக்கெடுப்பு நடந்ததோ 2021 ஏப்ரல் 6-இல், சட்டமன்றப் பொதுத்தேர்தலோடு. ஏழு மாதங்களுக்கு மேலாயிற்று. காஷ்மீரத்தின் அனந்தநாக் மக்களவைத் தொகுதி 2016 முதல் 2019 பொதுத்தேர்தல்வரை காலியாகவே கிடந்தது. தேர்தல் அறிவிப்பதும் ஒத்திவைப்பதும் கைவிடுவதுமாகக் காலம் போயிற்று. இவற்றைப் பார்க்கும்போது, ஓராண்டு என்ற முதல் விதிவிலக்கைவிட, "கடினம்" என்ற இரண்டாம் விதிவிலக்கே அகன்ற கதவு என்பது புலனாகும். ஓராண்டு என்பதை அளக்கலாம். கடினம் என்பதை எந்தக் கோலால் அளப்பது?

இக்கேள்வி 2023-இல் மும்பை உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. புனே மக்களவை உறுப்பினர் அவ்வாண்டு மார்ச் 29-இல் மறைந்தார். மக்களவையின் காலம் 2024 ஜூன் 16 வரை. மிச்சம் பதினான்கு மாதத்திற்கு மேல். ஆணையம் இடைத்தேர்தல் நடத்தவில்லை. பொதுத்தேர்தல் ஏற்பாடுகளில் ஆழ்ந்திருக்கிறோம், வருபவருக்குக் கிடைப்பதும் சில மாதமே என்பது அது கூறிய காரணம். புனே வாக்காளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். டிசம்பர் 13-இல் நீதிமன்றம் அக்காரணத்தை ஏற்க மறுத்து, உடனே தேர்தல் நடத்துமாறு ஆணையிட்டது. 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. பொதுத்தேர்தலே வந்துவிட்டது. உயர்நீதிமன்றம் சொன்னது எனக்குச் சரியாகவே படுகின்றது. தேர்தல் நடத்துவதற்கென்றே அமைந்த ஆணையம், தேர்தல் வேலை மிகுதியால் தேர்தல் நடத்த இயலவில்லை என்பது, பாடம் நடத்தும் வேலை மிகுதியால் பாடம் நடத்த இயலவில்லை என்று ஓர் ஆசிரியர் சொல்வது போலாகும்.

முதல் விதிவிலக்கை அளக்கலாம் என்றேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த நாளிலிருந்து அளப்பது? இடம் காலியான நாளிலிருந்தா, புதியவர் வென்று வரும் நாளிலிருந்தா? ஆணையம் 2018-இல் காலியான நாளிலிருந்து எண்ணியதைக் கண்டோம். ஆனால் 2019-இல் காட்டோல் என்ற மராட்டியத் தொகுதி வழக்கில், மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை, புதியவருக்குக் கிடைக்கும் காலத்தையே எண்ண வேண்டும் என்று கூறி இடைத்தேர்தலை நிறுத்திற்று. 2024-இல் மேற்கு அகோலா வழக்கிலும் அவ்வாறே செய்தது. மேற்கு அகோலாவின் உறுப்பினர் மறைந்த நாள் 2023 நவம்பர் 3. சட்டமன்றக் காலம் முடியும் நாள் 2024 நவம்பர் 26. காலியான நாளிலிருந்து எண்ணினால் ஓராண்டும் இருபத்து மூன்று நாளும். முடிவு வெளியாகும் 2024 ஜூன் 4-இலிருந்து எண்ணினால் ஆறு மாதங்கூட இல்லை. அறிவித்த தேர்தல் ரத்தாயிற்று. நாகபுரிக் கிளையின் வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. சில மாதத்திற்காக அரசு பணத்தைச் செலவிடுவதா, தேர்தல் நடத்தை விதிகளால் ஊர்ப் பணிகளை நிறுத்தி வைப்பதா என்பது பொறுப்பான கேள்வியே.

ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இடம் காலியாகும்போது மிச்சம் ஓராண்டு ஐந்து மாதம் என்று கொள்வோம். ஆணையம் நான்கு மாதத்தில் தேர்தல் நடத்தினால், வருபவருக்கு ஓராண்டுக்கு மேல் கிடைக்கும், தேர்தல் செல்லும். ஆறாம் மாதம்வரை காத்திருந்தால், வருபவருக்கு ஓராண்டுக்குக் குறைவு, தேர்தல் வேண்டியதில்லை. அதாவது, கடமைப்பட்டவர் தாமதித்தால் கடமையே கரைந்துபோகும். கடனைத் தவணை தவறிக் கட்டாதவருக்குக் கடனே தள்ளுபடி என்று எந்த வங்கியாவது சொல்லுமா? ஆகலின் காலியான நாளிலிருந்து எண்ணுவதே முறை என்பது என் கருத்து. மாறுபட்டுக் கருதுவோரும் சட்டமறிந்தவர்களே.

இன்னுமொன்று. மிச்சம் ஓராண்டுக்குக் குறைந்தால் தேர்தல் நடத்தவே கூடாது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாளிதழ்களும் அவ்வாறே எழுதிவிடுகின்றன. சட்டம் சொல்வது, ஆறு மாதக் கெடு அப்போது பொருந்தாது என்பதே. "வர வேண்டியதில்லை" என்பதற்கும் "வரக்கூடாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் நன்கறிவர். விருப்ப விடுமுறை நாளில் பள்ளிக்கு வந்தவனை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணம் அன்று. ஆட்சிகளின் போக்கோடு பிணைந்தது. உத்தரகாண்டில் 2021 மார்ச் 10-இல் முதலமைச்சரான தீரத் சிங் ராவத் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். செப்டம்பர் 10-க்குள் உறுப்பினராக வேண்டும். சட்டமன்றக் காலமோ 2022 மார்ச்சில் முடிவது. ஓராண்டுக்குக் குறைவாதலின் இடைத்தேர்தலுக்கு வழியில்லை என்ற நிலையைக் காட்டி, அவர் 2021 ஜூலையில் பதவி விலகினார். அரியானாவில் 2024 மார்ச்சில் அதே நிலை. முதலமைச்சராயிருந்த மனோகர்லால் கட்டர் விலகியதால் கர்னால் தொகுதி காலியாயிற்று. புதிய முதலமைச்சர் நாயப் சிங் சைனிக்குச் சட்டமன்றத்தில் இடம் வேண்டும். மிச்சம் எட்டு மாதங்கூட இல்லை. அங்கு இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கைப் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. மே 25-இல் வாக்கெடுப்பும் நடந்தது. அகோலாவில் தேர்தல் நின்ற அதே ஆண்டின் அதே கோடையில் கர்னாலில் தேர்தல் நடந்தது. ஒரே பிரிவு, ஒரே ஆணையம். ஒரு முதலமைச்சருக்கு இடம் வேண்டியபோது எட்டு மாதம் போதியதாயிற்று. தொகுதி மக்களுக்கு உறுப்பினர் வேண்டியபோது பதினான்கு மாதம் போதாததாயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 மே 11-இல் கூடிய சட்டமன்றத்தின் காலம் 2026 மே 10 வரை. 2024 டிசம்பர் 14-இல் ஈரோடு கிழக்கு காலியாயிற்று. மிச்சம் ஏறத்தாழ பதினேழு மாதம். 2025 பிப்ரவரி 5-இல் இடைத்தேர்தல் நடந்துவிட்டது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. 2025 ஜூன் 21-இல் வால்பாறை உறுப்பினர் மறைந்தார், மிச்சம் பத்தரை மாதத்திற்குச் சற்று மேல், இடைத்தேர்தல் இல்லை. 2025 நவம்பரில் நம் அண்டைத் தொகுதியாகிய ஆலங்குளத்தின் உறுப்பினர் விலகினார், மிச்சம் ஆறு மாதம், அங்கும் இல்லை. ஆலங்குளத்திற்கு ஆறு மாதம் என்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. வால்பாறையோ மலைமேல் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள தொகுதி. யானையும் சிறுத்தையும் குடியிருப்புக்குள் வருகின்ற இடம். அங்குள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பத்தரை மாதம் குறுகிய காலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தொடக்கத்தில் எங்கள் பள்ளிக் கதையைப் பாதியில் விட்டேன். அவ்வாண்டு ஏப்ரலில், தேர்வு முடிந்த நாள், விடுதியை மூடும் முன் சுற்றிப் பார்க்கச் சென்றேன். பின்கட்டில் இருந்த குழாய்கள் மூன்றும் வறண்டிருந்தன. எப்போதிருந்து என்று காவலாளியைக் கேட்டேன். மாசி மாதத்திலிருந்து என்றார். சிறு பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து, சாலைக்கு அப்பாலுள்ள கிணற்றிலிருந்து வாளியில் நீர் சுமந்து குளித்திருக்கிறார்கள். அறுபது பிள்ளைகளுள் ஒருவனும் என்னிடம் வந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை நிறுத்திக் கேட்டேன். "அண்ணன்தான் சார் சொல்லும். அண்ணன் போயிட்டுல்லா" என்றான்.